ஏரிகளுக்கு நடுவே மனை போட்ட கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனில் இருப்பவர்கள் ஊரைப் பற்றிப் பேசினால் ஏரியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஒரு புகாரில் ஆரம்பிக்கிறேன். ஒரு மாநிலத்தின் தலைநகரைக் கட்டுவதற்கு இவ்வளவு இடைஞ்சலான இடத்தை நிதானமாக யோசிக்கிற யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் மெண்டோட்டா ஏரி, மறுபக்கம் மொனோனா ஏரி. நடுவில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு, மிகக் குறுகிய இடத்தில் ஒரு மைல் அகலம்கூடக் கிடையாது. அதிலும் பெரும்பகுதி அந்தக் காலத்தில் சதுப்பு. விஸ்கான்சின் மாநிலத்தின் கேப்பிடல், அதாவது சட்டமன்றக் கட்டடம், அந்தத் துண்டின் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி 2,69,840 பேர் வாழும் ஊர் அதன் இரு பக்கமும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடக்கிறது.

இந்த இடம் தலைநகரானதற்குக் காரணம் ஒரு நில வியாபாரி. பெயர் ஜேம்ஸ் டுவேன் டோட்டி. நீதிபதியாக இருந்துவிட்டு நிலத்தில் இறங்கியவர். 1836இல் விஸ்கான்சின் மாநிலமாகக்கூட ஆகவில்லை, பிரதேசமாகத்தான் இருந்தது. அதன் முதல் சட்டமன்றம் பெல்மாண்ட் என்ற சிற்றூரில் கூடியது. தலைநகர் எங்கே அமைய வேண்டும் என்பதுதான் பெரிய விவாதம். பத்துப் பதினைந்து ஊர்களுக்கு மேல் போட்டி போட்டன. டோட்டி அதற்கு முன்பே இந்த நிலத்துண்டில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டிருந்தார். கூட்டாளி, பக்கத்து மிச்சிகனின் ஆளுநர். ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்து அவசரமாக அளந்து, காகிதத்தில் தெருக்களும் மனைகளும் வரைந்து, அதோடு பெல்மாண்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அப்போது இங்கே குடியேறியவர்களின் வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. இருந்தாலும் பெயர் தயார்: அந்த ஜூனில்தான் முன்னாள் ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன் இறந்திருந்தார். தெருக்களுக்கும் பெயர் தயார்: அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்ட 39 பேரின் பெயர்கள். நம் பக்கத்தில் பொட்டல் காட்டில் கல் நட்டு, அதற்கு ஒரு தலைவர் பெயர் வைத்து, ‘எதிரிலேயே கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது’ என்று நோட்டீஸ் அடிப்பார்களே, அப்படியே. ஒரே வித்தியாசம், இவர் விஷயத்தில் ஆபீஸ் நிஜமாகவே வந்தது. பெல்மாண்டில் கட்டடங்கள் குளிரில் விறைத்துக் கிடந்தன. உறுப்பினர்களுக்குப் போர்த்திக்கொள்ள எருமைத் தோல் போர்வைகளை டோட்டி வரவழைத்துக் கொடுத்தார். பல உறுப்பினர்களின் பெயருக்கு மேடிசனில் மனைகளும் போய்ச் சேர்ந்தன. நவம்பரில் ஓட்டெடுப்பு. மேடிசன் ஜெயித்தது.

அடுத்த வருடம் வசந்தத்தில் ஒரு குடும்பம் வந்து கட்டடத் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்த ஆரம்பித்தது. அதுதான் ஊரின் முதல் வீடு. 1838இல் சட்டமன்றம் இங்கே கூடியபோது கட்டடம் முடிந்திருக்கவில்லை. தரைக்குக் கீழே பன்றிகளைக் கட்டி வைத்திருந்தார்களாம். பிடிக்காத உறுப்பினர் பேச எழுந்தால், ஒருவர் பலகை இடுக்கு வழியாக நீளக் கம்பை விட்டுப் பன்றிகளைக் குத்துவாராம். கீழே கிளம்புகிற சத்தத்தில் பேச்சு நின்றுவிடும். இது நடந்ததா, பின்னால் யாராவது மெருகேற்றியதா என்று கேட்காதீர்கள். மேடிசனில் எல்லோரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன்.

யாரும் இல்லாத இடத்தில் என்று சொன்னால் அது டோட்டியின் நோட்டீஸை நானும் திருப்பிப் படிப்பதாகிவிடும். இந்த ஏரிகளைச் சுற்றி ஹோ-சங்க் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் இந்த இடத்தை டேஜோப் என்கிறார்கள், நான்கு ஏரிகள் என்று பொருள். 1832இல் ஓர் ஒப்பந்தத்தில் இந்த நிலம் அவர்கள் கையை விட்டுப் போனது. பிறகு பல தடவை ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள். அவர்களில் பலர் விரட்ட விரட்டத் திரும்பி நடந்து வந்தார்கள். அவர்களுடைய முன்னோர்கள் பறவை, கரடி, நீர்வாழ் மிருகம் என்ற வடிவங்களில் மண்ணால் எழுப்பிய மேடுகள் ஏரிக்கரைகளில் இன்னும் இருக்கின்றன. வடக்குக் கரையில் மாநில மனநல மருத்துவமனை வளாகத்துக்குள் ஒரு பறவை மேடு உண்டு. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனி வரை 624 அடி. தரையில் நின்று பார்த்தால் புல் மூடிய ஒரு நீள வரப்பு, அவ்வளவுதான்.

2021 நவம்பரில் மெண்டோட்டாவின் அடியிலிருந்து ஒரு மரத்தோணியை எடுத்தார்கள். 1,200 வருடப் பழையது. அடுத்த வருடமே இன்னொன்று கிடைத்தது, அதன் வயது 3,000. ஒரே மரத்தைக் குடைந்து செய்தவை. அந்தச் செய்தி வந்த வாரத்தில் பேருந்தில்கூட அதே பேச்சு. ஏரியில் நீந்தியவர்கள் எல்லோருக்கும், இத்தனை நாள் தம் காலுக்குக் கீழே அது கிடந்திருக்கிறது என்ற நினைப்பு.

சரி, இன்றைய இடைஞ்சலுக்கு வருகிறேன். ஊரின் கிழக்குப் பாதியிலிருந்து மேற்குப் பாதிக்குப் போகும் வண்டிகள் எல்லாம் இந்தக் குறுகிய துண்டு வழியாகத்தான் போக வேண்டும், அல்லது தெற்கே நெடுஞ்சாலையில் மொனோனாவைச் சுற்ற வேண்டும். தெருக்கள் ஏரிகளுக்கு ஏற்பச் சாய்ந்து ஓடுகின்றன. மேப்பில் எதுவும் நேர் வடக்கு இல்லை, நேர் கிழக்கும் இல்லை. அதனால் இங்கே யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. “நீங்க ஈஸ்ட் சைடா, வெஸ்ட் சைடா?” இதுதான் கேள்வி. பதிலை வைத்து உங்கள் வாடகை, ஓட்டு, நாய் வகை எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்வார்கள். மென்பொருள் வேலைக்கு வந்த நம்மவர்களில் பலர் மேற்கில் இருக்கிறார்கள். பக்கத்து வெரோனாவில் மருத்துவமனை மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனம் இருப்பது ஒரு காரணம். 1979இல் மேடிசனில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஆரம்பித்த நிறுவனம் அது.

ரயில் கிடையாது. மில்வாக்கியிலிருந்து மேடிசனுக்கு ரயில் விட மத்திய அரசு 81 கோடி டாலர் ஒதுக்கியது. 2010 ஆளுநர் தேர்தலில் ஜெயித்த ஸ்காட் வாக்கர் அதை வேண்டாம் என்றார், பணம் வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டது. இந்த வேடிக்கையின் மிச்சத்தையும் கேளுங்கள். விஸ்கான்சினுக்காக மில்வாக்கியிலேயே தயாரான இரண்டு டால்கோ ரயில்கள் ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் வருடக்கணக்கில் சும்மா நின்றன. 2022இல் நைஜீரியாவின் லேகோஸ் மாநிலம் அவற்றை வாங்கிக்கொண்டது. நாங்கள் சிகாகோ போவதற்கு இன்னமும் பேருந்துதான். உள்ளூருக்கு ஆறுதலாக 2024 செப்டம்பரில் கிழக்கு மேற்காக ஒரு விரைவுப் பேருந்துத் தடம் ஆரம்பித்தார்கள். சாலை நடுவே தனி வழி, நீளமான மின்சாரப் பேருந்து. ஆரம்பத்தில் எல்லோரும் திட்டினார்கள். இப்போது திட்டியவர்களும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேப்பிடல் இந்த நிலத்துண்டின் உச்சியில் நிற்கிறது. இப்போதிருப்பதைக் கட்டியது 1906 முதல் 1917 வரை. அதற்கு முந்தையது 1904 பிப்ரவரி இறுதியில் ஒரு ராத்திரி எரிந்து போனது. புதிதாக வார்னிஷ் அடித்த கூரையில் எரிவாயு விளக்கின் சுடர் பற்றியது. பல்கலைக்கழக மாணவர்கள் ஓடிவந்து புத்தகங்களை வெளியே கடத்திக் காப்பாற்றினார்கள். தீ விபத்துக் காப்பீட்டைச் சில வாரங்களுக்கு முன்புதான் அரசு முடிவுக்குக் கொண்டு வந்திருந்தது, பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று. இதைக் கேட்ட அன்று எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அரசாங்கம் என்பது எங்கேயும் அரசாங்கம்தான் என்ற நிம்மதி வந்தது.

புதிய கட்டடத்தின் உயரம் 284 அடி, வாஷிங்டனில் இருக்கும் கேப்பிடலைவிட ஏதோ மூன்று அடி கம்மி. கிரானைட் குவிமாடத்தின் மேல் பொன் முலாம் பூசிய ஒரு பெண் சிலை. அவள் தலைக்கவசத்தின் மேல் ஒரு பேட்ஜர், இந்த மாநிலத்தின் விலங்கு. கட்டடத்தின் நான்கு பக்கப் பிரிவுகளும் சரியாக நான்கு திசைகளைப் பார்க்கின்றன, ஊரில் ஒழுங்காகத் திசை காட்டுவது அந்தக் கட்டடம் ஒன்றுதான். அதைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள் குவிமாடத் தூண்களின் அடிமட்டத்தைத் தாண்டி எந்தக் கட்டடமும் உயரக் கூடாது என்று 1990இல் மாநிலச் சட்டமே போட்டார்கள். வீட்டுப் பற்றாக்குறை வரும்போதெல்லாம் இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி ஒரு கூட்டம் கிளம்பும். வாடகை கட்டுகிறவள் என்ற முறையில் நான் அந்தக் கூட்டத்தின் பக்கம். ஆனால் ஊருக்கு வெளியே சோளக்காட்டு மேட்டில் கார் ஏறும்போது தூரத்தில் அந்தக் குவிமாடம் தெரிகிறதே, அதை இழக்கவும் மனசு வரவில்லை.

2011 பிப்ரவரியில் இந்தக் கட்டடம் உலகச் செய்தியானது. அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப் பேர உரிமையைப் பெரும்பாலும் எடுத்துவிடும் மசோதாவை அதே வாக்கர் கொண்டு வந்தார். ஆசிரியர்களும் மாணவர்களும் உள்ளே புகுந்து இரண்டு வாரத்துக்கு மேல் பளிங்குத் தரையில் படுத்துத் தூங்கினார்கள். சபையில் போதிய எண்ணிக்கை இல்லாமல் செய்வதற்காக 14 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் எல்லை தாண்டி இல்லினாய் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கடையான இயன்ஸ் பீட்சாவுக்கு எங்கெங்கோ நாடுகளிலிருந்து போன் வந்தது: உள்ளே இருப்பவர்களுக்கு என் கணக்கில் ஒரு பீட்சா கொடுங்கள் என்று. மசோதா கடைசியில் சட்டமாகிவிட்டது. இன்றும் அந்த வருடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு அமைதி விழும், குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி.

சனிக்கிழமை காலையில் அதே கட்டடத்தைச் சுற்றிச் சந்தை. 1972இல் ஆரம்பித்தது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சதுக்கத்தின் நான்கு பக்கமும் கடை போடுவார்கள். ஒரே விதி, விளைவித்தவர்தான் விற்க வேண்டும். மொத்தமாக வாங்கி வந்து விற்க முடியாது. எழுதாத விதி ஒன்றும் உண்டு, கூட்டம் முழுவதும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நகரும். எதிரே நடந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், மத்திய மேற்குக்காரர்கள் திட்டுவதில்லை. “ஊப்ஸ்” என்பார்கள். அது திட்டைவிட மோசம்.

சந்தையில் நான் முதலில் போவது ஹ்மாங் விவசாயிகளின் மேசைக்கு. லாவோஸ் போருக்குப் பிறகு 1970களின் நடுவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். விஸ்கான்சினில் பெரிய சமூகம் அவர்கள். பாகற்காய், காரமான சின்ன மிளகாய், கொத்தமல்லி, தட்டைப்பயறு மாதிரி நீளக் காய் எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். ஒரு ஹ்மாங் பாட்டியிடம் பாகற்காய் வாங்கினால் மிளகாயையும் கையில் அள்ளி வைத்துவிடுவார். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி கிடையாது, பேரப்பிள்ளைதான் காசு வாங்குவான்.

அப்புறம் சீஸ். சீஸ் கர்ட் என்று சின்னச் சின்னக் கட்டிகளாகப் பையில் விற்பார்கள். அன்று காலையில் செய்ததென்றால் கடிக்கும்போது பல்லில் உரசிக் கீச்சென்று சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் பழையது, உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் அதை மாவில் முக்கிப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவலோடு அதுவும் சேர்ந்தால் வாரம் முடிந்தது என்று அர்த்தம்.

பாலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாநிலத்தில் அது சாப்பாடு மட்டும் இல்லை. கார் நம்பர் பலகையிலேயே ‘அமெரிக்காவின் பால் நாடு’ என்று 1940இலிருந்து அச்சடிக்கிறார்கள். வெண்ணெயின் போட்டியான மார்ஜரினுக்கு மஞ்சள் நிறம் சேர்த்து விற்கக் கூடாது என்று 1895இல் தடை போட்டு 1967 வரை வைத்திருந்தார்கள். அதற்குள் ஜனங்கள் இல்லினாய்க்குக் கார் எடுத்துக்கொண்டு போய் டிக்கி நிறைய மார்ஜரின் கடத்தி வந்தார்கள். கார்டன் ரோஸ்லீப் என்று ஒரு மாநில செனட்டர் வெண்ணெய்க்காகத் தொண்டை கிழியப் பேசியவர். ருசியிலேயே வித்தியாசம் தெரியும் என்று சவால் விட்டு, எல்லோர் முன்னிலும் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்தார். மார்ஜரினை வெண்ணெய் என்றார். பிறகுதான் கதை தெரிந்தது: அவர் உடம்பை நினைத்து, வீட்டில் பல நாளாக அவருக்குச் சொல்லாமல் மார்ஜரினைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் ஓட்டலில் நீங்கள் கேட்காமல் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் வைத்தால் அது சட்டப்படி குற்றம்.

இங்குள்ள பல்கலைக்கழகத்தில் முக்கால்வாசி பெருமையும் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தது என்று நான் சொல்வேன், பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். 1890இல் ஸ்டீபன் பாப்காக் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று சுலபமாக அளக்கும் சோதனையைக் கண்டுபிடித்தார். தண்ணீர் கலப்பவனும் கலக்காதவனும் ஒரே விலை வாங்கிய காலம் அதோடு போனது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். 1923இல் ஹாரி ஸ்டீன்பாக் புற ஊதாக் கதிர் பட்டால் உணவில் வைட்டமின் டி கூடும் என்று காட்டினார். அவர் காப்புரிமை வாங்கினார், ஆனால் தனக்காக அல்ல. அந்த வருமானத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்க 1925இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது, சுருக்கமாக வார்ஃப். அந்த அறக்கட்டளை மார்ஜரின் செய்பவர்களுக்கு மட்டும் உரிமம் தர மறுத்தது. பாருங்கள், அறிவியலிலும் வெண்ணெய்க் கட்சி.

1933 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்த ஒரு சனிக்கிழமை, வடமேற்கிலிருந்து ஒரு விவசாயி கிட்டத்தட்ட 190 மைல் வண்டி ஓட்டி மேடிசனுக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், நூறு பவுண்டு கெட்டுப்போன தீவனப்புல். மாடுகள் ஒவ்வொன்றாக ரத்தம் கசிந்து சாகின்றன, என்ன செய்வது? போக வேண்டிய அலுவலகம் சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. விளக்கு எரிந்த இன்னொரு கட்டடத்துக்குள் போனார். அங்கே இருந்தவர் கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளர். அந்த நேரத்தில் அவரால் பெரிதாக உதவ முடியவில்லை, தீவனத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. ஆனால் கேனில் இருந்த ரத்தத்தை அவருடைய ஆய்வகம் விடவில்லை. ஆறு வருடம் கழித்து அந்தப் புல்லிலிருந்து ரத்தம் உறையாமல் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தம்பியாக வந்த இன்னொன்று 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. அறக்கட்டளையின் பெயரை முன்னால் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். 1954இலிருந்து மனிதர்களுக்கு மருந்து. அடுத்த வருடம் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

என் அப்பா மதுரையில் இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரையை அளவோடு சாப்பிட வேண்டும் என்பதில் அம்மாவோடு தினமும் சண்டை. இந்தக் கதையைப் போனில் சொன்னேன்.

“என்னம்மா சொல்ற? எலி மருந்தையா எனக்குக் குடுத்திருக்கானுங்க?”

“ஆமாப்பா. ஆனா அளவு வேற.”

“மாட்டுக்கு வந்த சீக்கு எனக்கு மருந்தாப் போச்சாக்கும்.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த விவசாயி மாடெல்லாம் பிழைச்சுதா?” என்று கேட்டார். மருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை.

பல்கலைக்கழகம் என்றதும் இந்தியாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் ஹர் கோவிந்த் குரானாவைச் சொல்லாமல் விட முடியாது. 1960லிருந்து பத்து வருடம் இங்கே இருந்தார், 1968 நோபல் அந்தக் காலத்தில் கிடைத்ததுதான். மாணவர்களின் சேட்டைக்கும் குறைவில்லை. 1979இல் மாணவர் சங்கத்தைப் பிடித்த ஒரு கட்சி, முதல் நாள் வகுப்பன்று புல்வெளிச் சரிவில் 1,008 பிளாஸ்டிக் பூநாரைகளை நட்டு வைத்தது. 2009இல் நகர்மன்றம் தீர்மானம் போட்டு, பிளாஸ்டிக் பூநாரையை மேடிசனின் அதிகாரபூர்வப் பறவையாக்கியது.

மாணவர்களால் ஊருக்கு வரும் பெரிய திருவிழா ஆகஸ்ட் 15. நம் சுதந்திர தினம் அல்ல. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 14ஆம் தேதி முடிந்து 15ஆம் தேதி புதிதாக ஆரம்பிக்கும். நடுவில் ஓர் இரவு பல பேருக்கு வீடு கிடையாது. வாடகை லாரியிலும் நண்பர்கள் வீட்டுத் தரையிலும் தூங்குவார்கள். எடுத்துப் போக முடியாத மேசை, புத்தக அலமாரி, விளக்கு, மைக்ரோவேவ் எல்லாம் நடைபாதையோரம் வந்துவிடும். ஹிப்பி கிறிஸ்துமஸ் என்பார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம்: மரச்சாமான் எடு, மெத்தையும் சோபாவும் எடுக்காதே, மூட்டைப்பூச்சி.

இனி ஏரி. மெண்டோட்டா கரையில் மாணவர் மன்றத்தின் பின்புறம் படிக்கட்டாக இறங்கும் ஒரு பெரிய திண்ணை உண்டு, டெரஸ் என்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் முதுகில் சூரியன் விரிந்த இரும்பு நாற்காலிகள். வசந்தத்தில் நாற்காலிகளை வெளியே போட்டால் குளிர் முடிந்தது என்று கணக்கு, தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் சரி. அங்கே கிடைக்கும் பாப்காக் ஐஸ்கிரீம் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பால்பண்ணைக்கூடத்தில் செய்தது. ஜூன் மாலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம். அந்த நேரத்தில் டோட்டியை மன்னித்துவிடலாம்.

ஜூலை வந்ததும் மன்னிப்பைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டினாற்போல் ஆகிவிடும். நீலப்பச்சைப் பாசி, நாற்றம், சில வகை நஞ்சு. நீச்சல் கரைகளை மூடிப் பலகை வைப்பார்கள். காரணம் பாஸ்பரஸ். சுற்றுவட்டாரப் பண்ணைகளின் சாணியும் உரமும் மழையில் கரைந்து யஹாரா ஆற்றில் சேர்ந்து முதலில் மெண்டோட்டாவுக்கும் பிறகு மொனோனாவுக்கும் வருகின்றன. புல்வெளிக்குப் போடும் உரத்தில் பாஸ்பரஸ் கூடாது என்று முதலில் மாவட்டமும் பிறகு மாநிலமும் சட்டம் போட்டன. வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துவது எளிது. பால்பண்ணையிடம் யாரும் கடுமையாகப் பேசுவதில்லை. வெண்ணெய்க்காகச் சட்டம் போட்ட மாநிலம், சாணிக்கு வரும்போது கெஞ்சிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

2018 ஆகஸ்ட் 20 மழை இந்த இடத்தின் கோளாறை எல்லோருக்கும் காட்டியது. மேற்குப் பக்கம் ஒரே நாளில் 11 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. மெண்டோட்டா, மொனோனாவைவிட சுமார் ஐந்தடி உயரத்தில் நிற்கும் ஏரி. நடுவில் டென்னி பூங்காவில் ஒரு மதகு. திறந்தால் கீழே இருக்கும் வீடுகளும் மொனோனா கரையும் மூழ்கும், திறக்காவிட்டால் மதகுக்கே ஆபத்து. வாரக்கணக்கில் தினமும் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டார்கள். தாழ்வான தெருக்களில் மழைநீர்க் குழாய் வழியாக ஏரி பின்னோக்கி ஏறி வந்தது. முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக நின்று மணல் மூட்டை கட்டினோம். சதுப்பில் மனை போட்டவர் இதையெல்லாம் பார்க்க இல்லை.

குளிர்காலத்தை எல்லா அமெரிக்கத் தமிழர்களும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 30 செல்சியஸுக்குப் போனபோது தபால்காரர்கள்கூட வரவில்லை, தபால் துறையே விஸ்கான்சினில் அன்றைக்கு விடுமுறை விட்டது. பனி அவசரநிலை அறிவித்த இரவுகளில் ஒற்றைப்படைத் தேதியென்றால் ஒற்றைப்படைக் கதவு எண் பக்கம் காரை நிறுத்த வேண்டும், இரட்டைப்படையென்றால் எதிர்ப்பக்கம். நள்ளிரவுக்குப் பிறகு வரும் தேதிதான் கணக்கு. அலுவலகத்தில் இருபது வருட அனுபவசாலிகளே கையில் விரல் விட்டு எண்ணுவதைப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது ஏரி உறைவது. மெண்டோட்டா எந்த நாளில் உறைந்தது, எந்த நாளில் திறந்தது என்று 1850களிலிருந்து குறிப்பு இருக்கிறது. எப்போது உறைந்தது என்று யார் முடிவு செய்வது? ஏரியை ஆராய்வதையே ஒரு படிப்பாக இங்கே வளர்த்த பிர்ஜ், ஜூடே காலத்து வழக்கம்: பிக்னிக் பாயிண்ட் முனையிலிருந்து எதிரே மேப்பிள் பிளஃப் வரை படகு போக முடிகிறதா என்று பார்ப்பது. ஏன் அந்த இரண்டு இடம் என்றால், அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குப் படகில் பீர் வரும் வழி அது என்று பல்கலைக்கழக வானிலைத் துறையை நிறுவிய ரீட் பிரைசனே சொல்லியிருக்கிறார். உலக விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டும் ஒரு தரவின் அடியில் பீர்.

1880–81 குளிரில் ஏரி 161 நாள் உறைந்து கிடந்தது. 2001–02இல் 21 நாள். ஏற்ற இறக்கம் எல்லா வருடமும் உண்டு, ஆனால் மொத்தத்தில் அந்தக் காலத்தைவிட இப்போது பனி மூடியிருக்கும் காலம் ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தா எழுபது வயதிலும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர். நன்றிப் பண்டிகை முடிந்த கையோடு தகரக் குடிசையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். இப்போதெல்லாம் ஜனவரியிலும் கரையில் நின்று காலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். “நாலு அங்குலம் இல்லாமல் ஏறாதே” என்று எனக்கும் எச்சரிக்கை. நான் ஏறுவதாக ஒரு நாளும் சொன்னதில்லை.

அலுவலகத்தில் உறையும் தேதிக்குப் பந்தயம் கட்டுவோம், ஆளுக்கு ஐந்து டாலர். முன்பு டிசம்பர் நடுவில்தான் இடம் பிடிக்கப் போட்டி இருக்கும். இந்தத் தடவை அந்த வாரங்கள் எல்லாம் காலி, ஜனவரி மூன்றாவது வாரத்தில் நெரிசல். தாத்தாவைக் கேட்டுவிட்டு நான் டிசம்பர் 20 என்று எழுதியிருக்கிறேன். பணம் போகும் என்று கணக்குத் துறைக்காரர் இப்போதே சிரிக்கிறார்.